சுண்டைக்காய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் (பச்சைக்காய், வத்தல், குழம்பு, செடி எல்லாம்)

பச்சை சுண்டைக்காயோ வத்தலோ வாங்கிட்டு வந்துட்டு அப்புறம் என்ன பண்றதுன்னு முழிக்கிறவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்கள ஒரே இடத்துல போட்டிருக்கேன். வரிசையா படிக்கணும்னு இல்ல, உங்களுக்கு வேணுங்கறத மட்டும் பாத்துக்கலாம். ஆனா வத்தல் போடப்போறவங்க தயவுசெஞ்சு அந்தப் பகுதிய முழுசா படிச்சுட்டு ஆரம்பிங்க, பாதியில வந்து காய் பூசணம் புடிச்சுருச்சுன்னு கேட்டா பதில் கிடையாது.

சுண்டைக்காய் எந்த வகை செடில காய்க்குது?

கத்தரிக்காய் குடும்பம்தான். தாவரவியல்ல சோலானம் டார்வம்னு சொல்லுவாங்க. ஆள் உயரத்துக்கு மேல, சில இடத்துல ரெண்டு ஆள் உயரம் வரைக்கும் கூட போற புதர்ச்செடி. இலை பாக்க கத்தரி இலை மாதிரியே அகலமா ஓரம் வளைஞ்சு வளைஞ்சு லேசா சொரசொரப்பா இருக்கும், தண்டுல அங்கங்க முள், பூ வெள்ளை. காய் கொத்துக் கொத்தா வரும், ஒவ்வொண்ணும் ஒரு சென்டிமீட்டர்ல இருந்து ஒன்றரை சென்டிமீட்டருக்குள்ள. நம்ம வீட்டு கொல்லைல தானா முளைச்சு நிக்குறதால இது நம்ம ஊரு செடின்னு எல்லாரும் நெனச்சுக்கறோம், ஆனா பூர்வீகம் மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கம். அங்கிருந்து வெயில் நாடு எல்லாத்துக்கும் பரவிடுச்சு.

மணத்தக்காளியும் இதுவும் ஒண்ணா?

இல்ல. ரெண்டும் ஒரே சோலானம் பேரினம், அதோட சரி. மணத்தக்காளி இடுப்பளவு கூட வராத சின்னச் செடி, கீரையா சாப்பிடலாம், பழுத்தா பழம் கறுப்பா இனிப்பா இருக்கும். சுண்டை இலைய யாரும் கீரையா சமைக்கறதில்ல, பழத்தையும் சாப்பிடறதில்ல, பச்சைக்காய் மட்டும்தான். ரெண்டுலயும் வத்தல் போடுவாங்க, ரெண்டு வத்தலும் குழம்புக்கு போகும், அதனாலதான் குழப்பம். கடைல பாத்தா மணத்தக்காளி வத்தல் மிளகு சைஸ்ல இருக்கும், சுண்டை வத்தல் அத விட நல்லா பெருசு, பெரும்பாலும் பொளந்து தட்டையா இருக்கும்.

நாட்டுச்சுண்டை, மலைச்சுண்டைன்னு சொல்றாங்களே, எத வாங்கறது?

பொதுவா வீட்டுப் பக்கம் வளர்றது நாட்டுச்சுண்டை, சில ஊர்ல பால்சுண்டைன்னும் சொல்லுவாங்க, கசப்பு கம்மி, பச்சையா குழம்பு பொரியலுக்கு எடுப்பாங்க. காட்டுச்சுண்டை, மலைச்சுண்டைன்னு சொல்றது கசப்பு தூக்கலா இருக்கும், அது வத்தலுக்கு. ஆனா ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொரு பேர் சொல்லி விக்கறாங்க, பேர நம்பி வாங்காதீங்க, காய பாத்து வாங்குங்க.

நல்ல காய்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

கரும்பச்சையா, கெட்டியா, காம்பு வாடாம இருக்கணும். விரலால நசுக்கிப் பாத்தா சட்டுனு அமுங்கக்கூடாது. லேசா மஞ்சள் ஓடி இருந்தா உள்ள விதை முத்திருச்சுன்னு அர்த்தம், அது வெந்தாலும் வாயில நறநறன்னு நிக்கும். கொத்தோட கெடைச்சா கொத்தோடயே வாங்குங்க, உதிர்த்து வெச்ச காய் சீக்கிரம் கறுத்துப்போகும். ரொம்ப பிஞ்சா இருக்கறதும் வேண்டாம், தட்டுனா தோல் மட்டும்தான் மிஞ்சும்.

பச்சையா கடிச்சு சாப்பிடலாமா?

வேண்டாம். சுகருக்கு நல்லதுன்னு பச்சைக்காய மென்னு தின்னுங்கன்னு வீடியோ எல்லாம் சுத்துது, அத நம்பி பண்ணாதீங்க. கத்தரி குடும்பத்துல நெறைய செடிங்கள்ல இருக்கற கிளைக்கோஆல்கலாய்டுன்னு ஒரு வகை நச்சு இதுலயும் உண்டு. வழக்கமா நம்ம சாப்பிடற அளவுல, சமைச்ச காய்ல, பிரச்சனை வர்றதில்ல. ஆனா ஜமைக்கா ஆளுங்க இதே காய சுசும்பான்னு சொல்லி சமைப்பாங்க, அப்படி சாப்பிட்ட சில பேருக்கு பேச்சு குழறி, பார்வை மங்கி, நடை தள்ளாடி ஆஸ்பத்திரில சேர்ந்த கேஸ் அமெரிக்காவுல மருத்துவ இதழ்கள்லயே பதிவாகி இருக்கு. இந்த நச்சு சாதாரண சமையல் சூட்டுல முழுசா அழியறதும் இல்ல. அதனால ஒரு ரூல் வெச்சுக்கோங்க: வழக்கமான கசப்பத் தாண்டி நாக்கு சுருக்குனு எரியற மாதிரி, தொண்டைய புடிக்கற மாதிரி ஒரு கசப்பு வந்துச்சுன்னா மொத்தத்தையும் கொட்டிடுங்க, வீணாப்போகுதேன்னு பாக்காதீங்க. காட்டுல தெரியாத செடில இருந்து பறிச்சுட்டு வர்றதும் வேண்டாம், இதே மாதிரி காய்க்கிற வேற செடிங்களும் இருக்கு.

எல்லாரும் நசுக்கணும் நசுக்கணும்னு சொல்றாங்க, ஏன்? கத்தியால வெட்டுனா ஆகாதா?

வெட்டலாம், ஒண்ணும் தப்பில்ல. ஆனா அரைக் கிலோ காய ஒவ்வொண்ணா வெட்டி முடிக்கறதுக்குள்ள பொழுது போயிடும். நசுக்கறதுக்கு உண்மையான காரணம், உள்ள இருக்கற விதையும் கசப்புச் சாறும் வெளிய வரணும், உப்பும் புளியும் மோரும் உள்ள போகணும், அவ்வளவுதான். முழுசா போட்ட காய் வெளிய வெந்து உள்ள கசப்பு அப்படியே உக்காந்திருக்கும், எண்ணெய்ல போட்டா டப்புனு வெடிச்சு மூஞ்சில தெறிக்கவும் செய்யும்.

நசுக்கற விதம் இருக்கு. அம்மி மேல நாலஞ்சு காய வெச்சு குழவியால ஒரே தட்டு, பட்டுனு ஒரு சத்தம் கேக்கும், காய் ரெண்டா பொளந்து ஆனா பிரியாம நிக்கணும். பிசைஞ்ச மாதிரி கூழாயிடக்கூடாது. தட்டும்போது விதை நாலாபக்கமும் தெறிக்கும், அதனால ஒரு துணிய மேல போட்டுத் தட்டுங்க, இல்லன்னா சுவரெல்லாம் ஒட்டிக்கும், காஞ்சப்புறம் சுரண்டித்தான் எடுக்கணும். அம்மி இல்லாதவங்க கனமான டம்ளரோட அடிப்பக்கத்தால தட்டலாம், சின்ன உரல் இருந்தா அதுல போட்டு ஒண்ணு ரெண்டு இடி. தட்டுன காய உடனே தண்ணிலயோ மோர்லயோ போட்டுடணும், காத்து பட்டா கறுத்துப்போகும். கையும் கறுக்கும், அதுக்கு முன்னாடியே கொஞ்சம் எண்ணெய் தடவிக்கோங்க.

விதை எல்லாத்தையும் எடுத்துடணுமா?

தேவையே இல்ல. தட்டுன காய தண்ணில போட்டு ரெண்டு தடவ அலசுனா பாதி விதை அதுவா போயிடும், மிச்சம் இருக்கறது இருக்கட்டும். ஒவ்வொரு காயையும் விரல விட்டு நோண்டி சுத்தம் பண்றவங்களும் இருக்காங்க, எனக்கு அது வெட்டி வேலையா படுது. முத்துன காயா இருந்தா மட்டும் அந்த மெனக்கெடு.

கசப்ப முழுசா போக்க என்ன வழி?

கசப்பே வேண்டாம்னா சுண்டைக்காய் எதுக்கு, அவரைக்காய் வாங்கிக்கலாமே. கிண்டல் பண்ணல, நெஜமாத்தான் சொல்றேன். அஞ்சாறு தடவ வேகவெச்சு வடிச்சா கசப்பு போகும், கூடவே காயும் போகும், கடைசில நாருதான் மிஞ்சும். கசப்ப அடக்கணும், கொல்லக்கூடாது. அதுக்கு உப்பு ரொம்ப முக்கியம், உப்பு நாக்குல கசப்பு தெரியறத கொறைக்கும், அதனாலதான் உப்பு கம்மியா போட்ட சுண்டைக்காய் குழம்பு கூடுதலா கசக்குது. அடுத்து புளிப்பு, அடுத்து எண்ணெய். தட்டி, அலசி, புளிச்ச மோர்லயோ அரிசி கழுவுன தண்ணிலயோ கொஞ்சம் உப்பு போட்டு அரை மணி நேரம் ஊறவெச்சு எடுங்க, அதுக்கப்புறம் நல்லெண்ணெய்ல நிறம் மாற வதக்குங்க. இந்த வதக்கற ஸ்டெப்ப மட்டும் யாரும் அவசரப்படுத்தாதீங்க. பச்சை நிறம் மாறி லேசா பழுப்பு ஏறி, ஓரம் சுருங்கற வரைக்கும் வதக்கணும். பாதி வதங்குன காய்தான் புளித்தண்ணில போய் கசப்ப எல்லாம் கக்கி குழம்பையே கெடுக்கறது.

பச்சைக்காய்ல என்னென்ன செய்யலாம்?

புளிக்குழம்பு, சாம்பார், பிட்லை, பொரிச்ச குழம்பு, பருப்பு சேத்து கூட்டு, பொரியல், துவையல். மொதல் தடவ சமைக்கறவங்க பிட்லைல ஆரம்பிங்க, ஏன்னா அதுல துவரம்பருப்பு, வறுத்து அரைச்ச தேங்காய், தனியா, கடலைப்பருப்பு எல்லாம் இருக்கறதால கசப்பு பின்னாடி போய் உக்காந்துக்கும். துவையல் ரொம்ப பேர் செய்யறதில்ல, ஆனா நல்லா இருக்கும்: காய நல்லெண்ணெய்ல நல்லா வதக்கி, தனியா உளுத்தம்பருப்பு, வரமிளகாய், பெருங்காயம் வறுத்து, புளி உப்பு கொஞ்சம் தேங்காய் சேத்து கொரகொரன்னு அரைக்கணும். சூடான சாதம், நெய், இது, போதும். பொரியலுக்கு மட்டும் ரொம்ப பிஞ்சும் இல்லாம முத்தலும் இல்லாம காய் வேணும், அதுல மறைக்கறதுக்கு புளியோ பருப்போ இல்லையே.

பச்சை சுண்டைக்காய் புளிக்குழம்புக்கும் வத்தக்குழம்புக்கும் என்ன வித்தியாசம்?

பச்சைக்காய் குழம்புல காய்தான் நாயகன், கொஞ்சம் தேங்காய் அரைச்சு ஊத்தறவங்க உண்டு, அன்னிக்கே சாப்பிட்டு முடிச்சிடணும். வத்தக்குழம்புல குழம்புதான் நாயகன், வத்தல் அதுக்கு ஒரு வாசனையும் கசப்பும் குடுக்கும், தேங்காய் கெடையாது, எண்ணெய் தாராளம், ரெண்டு மூணு நாள் தாங்கும்.

சரி, வத்தல் வீட்லயே போடறது எப்படி?

பங்குனி சித்திரை வெயில்தான் இதுக்கு காலம். காய் நெறைய கெடைக்குதேன்னு மழை மாசத்துல ஆரம்பிக்காதீங்க.

ஒரு கிலோ காய்க்கு முக்கால் லிட்டர்ல இருந்து ஒரு லிட்டர் வரைக்கும் மோர் வேணும், நல்லா புளிச்சதா இருக்கணும், ரெண்டு நாள் வெளிய வெச்ச மோர் கரெக்டா இருக்கும், ரொம்ப தண்ணியா இல்லாம கொஞ்சம் கெட்டியா. கல்லுப்பு 75 கிராம்ல இருந்து 100 கிராம். உப்பு பாக்க ஜாஸ்தியா தெரியும், ஆனா காய் கெடாம காக்கறது அதுதான், கொறைச்சீங்கன்னா ரெண்டாவது நாளே நூல் விட ஆரம்பிச்சிடும். காய காம்பு எடுத்து கழுவி, ஈரம் போகத் தொடச்சு, தட்டி, விதை கொஞ்சம் போக அலசி, தண்ணி வடிச்சு, மோர்லயும் உப்புலயும் போட்டு மூடி வெச்சிடுங்க. பாத்திரம் பீங்கான் ஜாடி, கண்ணாடி, இல்லன்னா எவர்சில்வர். அலுமினியத்துல போடாதீங்க, உப்பும் புளிப்பும் சேந்து அரிச்சிடும்.

மறுநாள் காலைல காய மட்டும் அரிச்செடுத்து பாயிலயோ தட்டுலயோ துணி விரிச்சு காய வைங்க. மோரைக் கீழ ஊத்திடாதீங்க, இங்கதான் நெறைய பேர் சொதப்பறாங்க. சாயங்காலம் அந்தக் காய திரும்ப அதே மோர்லயே போடணும், ராத்திரி முழுக்க ஊறணும், மறுபடி காலைல வெயில்ல. இப்படியே மூணு நாலு நாள் பண்ணா மோர் எல்லாத்தையும் காயே குடிச்சிடும், ஜாடில அடியில கொஞ்சம் திப்பி மாதிரி நிக்கும் அவ்வளவுதான். மோரையும் வெயில்ல வெச்சு எடுக்கறது நல்லது. அதுக்கப்புறம் ஊறவைக்கற வேலை இல்ல, காயற வேலை மட்டும். நாலஞ்சு நாள் நல்ல வெயில் வேணும். கைல ஒரு புடி அள்ளிக் குலுக்குனா கலகலன்னு கல்லு மாதிரி சத்தம் வரணும், ஒண்ண எடுத்து வளைச்சா வளையாம ஒடையணும். வளைஞ்சா இன்னும் ஒரு நாள்.

ஒரு கிலோ போட்டா கடைசில கால் கிலோ பக்கத்துலதான் நிக்கும், அத பாத்து மனசு ஒடஞ்சு போகாதீங்க. சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொல்லி வெச்சாங்க, வத்தல் போடறவங்களுக்குத்தான் அந்த கணக்கு நல்லா புரியும்.

மோர் இல்லாம வத்தல் போடலாமா?

போடலாம். உப்புத் தண்ணிய கொதிக்கவெச்சு அதுல தட்டுன காய ரெண்டு மூணு நிமிஷம் போட்டு எடுத்து காயவெச்சாலும் வத்தல்தான், கடைல கெடைக்கறதுல கொஞ்சம் இந்த டைப்தான். பால் சாப்பிடாதவங்களுக்கு இது வசதி. கொஞ்சம் புளித்தண்ணி சேத்துக்கற வழக்கமும் உண்டு. ஆனா அந்த மோர் புளிப்பும், வறுக்கும்போது வர்ற ஒரு கருகல் இனிப்பு வாசனையும் இதுல வராது.

நடுவுல வானம் மூடிக்கிச்சு, இப்ப என்ன பண்றது?

ஃபேன் காத்துல பரப்பி வைங்க, ஒண்ணு மேல ஒண்ணு குவிக்காதீங்க. அடுத்த நாளும் வெயில் இல்லன்னா ஓவன்ல 60 டிகிரி, கதவ கொஞ்சம் திறந்து வெச்சு ஈரம் வெளிய போற மாதிரி. டிஹைட்ரேட்டர் இருந்தா இன்னும் நல்லது. வெள்ளையா பஞ்சு மாதிரி பூசணம் வந்துட்டா தொடச்சுட்டு வெயில்ல போடற வேலை வேண்டாம், தூக்கிப் போட்டுடுங்க. உப்பு பூத்து வெள்ளையா இருக்கறதும் உண்டு, அத பாத்து பயப்படாதீங்க, உப்புன்னா மினுமினுன்னு பொடியா இருக்கும், நாக்குல வெச்சா தெரியும், பூசணம்னா முடி முடியா இருக்கும், வாசனையே காட்டிக்குடுத்திடும்.

வத்தல் வறுக்கும்போது ஒண்ணு கருகுது இல்லன்னா மெத்துனு இருக்குது, எப்படி சரியா வறுக்கறது?

தீய கொறைங்க. எண்ணெய் புகையற சூட்டுல போட்டா வெளிய கறுத்து உள்ள வேகாது, கருகுன சுண்டை வத்தல் கசப்பு வேற ரகம், அது மருந்து கசப்பு இல்ல, அடுப்புக்கரி கசப்பு. எண்ணெய் மிதமா காஞ்சதும் ஒரு வத்தல போட்டுப் பாருங்க, சுத்தி சின்னச் சின்ன குமிழ் வந்து மெதுவா உப்பணும். அப்ப மிச்சத்த போட்டு விடாம கிளறணும். நிறம் காபிக்கொட்டை பக்கம் போறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே எடுத்துடுங்க, எடுத்தப்புறமும் அதோட சூட்டுல இன்னும் கொஞ்சம் ஏறும். தட்டுல ஆறுனதும் கரகரன்னு ஆயிடும். எண்ணெய் நல்லெண்ணெய்தான். ரிஃபைண்ட்ல வறுத்தாலும் வறுபடும், வாசனை மட்டும் வராது. எண்ணெயே வேண்டாம்னா ஏர் ஃப்ரையர்ல சும்மா ரெண்டு சொட்டு எண்ணெய் தடவி வைக்கலாம், மோசமில்ல.

வத்தக்குழம்புக்கு அளவு சொல்லுங்க.

நாலு பேருக்கு: எலுமிச்சை அளவு புளி, ரெண்டு மூணு டேபிள்ஸ்பூன் வத்தல், நல்லெண்ணெய் அஞ்சு டேபிள்ஸ்பூன் (கொறைக்காதீங்க), சாம்பார் பொடி ரெண்டரை டீஸ்பூன், மஞ்சள்தூள், தாளிக்க கடுகு, வெந்தயம் அரை டீஸ்பூன், கொஞ்சம் துவரம்பருப்பு, ரெண்டு வரமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். சின்ன வெங்காயமும் பூண்டும் போடற வீடு போடலாம், போடாத வீட்டுக்கும் குழம்புல ஒண்ணும் கொறையாது. அரை டீஸ்பூன் வெல்லம்.

எண்ணெய்ல மொதல்ல வத்தல வறுத்து பாதிய தனியா எடுத்து வெச்சுக்கோங்க. மிச்ச பாதியோட தாளிப்பு சாமான், வெந்தயம் செவக்கணும் கறுக்கக்கூடாது, அப்புறம் வெங்காயம் பூண்டு வதங்குனதும் தீய நல்லா கொறைச்சு சாம்பார் பொடிய எண்ணெய்லயே பத்து செகண்ட் பிரட்டுங்க, அதுல ஒரு வாசனை தூக்கும், உடனே புளிக்கரைசல ஊத்திடணும். பொடி கருகிட்டா குழம்பு போச்சு. உப்ப இப்ப போடாதீங்க. பத்துப் பதினஞ்சு நிமிஷம் கொதிச்சு, பச்சை வாசனை போய், ஓரத்துல எண்ணெய் பிரிஞ்சு வந்தப்புறம் ருசி பாத்து உப்பு, ஏன்னா வத்தல்லயே ஏற்கனவே உப்பு இருக்கு. கடைசில வெல்லம், எடுத்து வெச்ச பாதி வத்தல், ஒரு ஸ்பூன் பச்சை நல்லெண்ணெய், அடுப்ப அணைச்சிடுங்க. தண்ணியா இருக்குன்னு தோணுனா ஒரு டீஸ்பூன் அரிசிமாவு கரைச்சு விடலாம், ஆனா இன்னும் அஞ்சு நிமிஷம் சுண்டவிட்டா அந்த மாவே தேவப்படாது.

வத்தல மொதல்ல போடணுமா, கடைசில போடணுமா?

இதுல ரெண்டு கட்சி. மொதல்ல போட்டா சாறு குழம்புல எறங்கும், வத்தல் ஊறி மெத்துனு ஆகும். கடைசில போட்டா கரகரப்பு நிக்கும், குழம்புல வாசனை கம்மி. அதனாலதான் பாதி பாதின்னு சொன்னேன்.

குழம்பு ரொம்ப கசந்துடுச்சு, காப்பாத்த முடியுமா?

மொதல்ல உப்பு சரியா இருக்கான்னு பாருங்க, பாதி கேஸ் அங்கயே தீந்துடும். அப்புறம் கொஞ்சம் புளிக்கரைசல், கொஞ்சம் வெல்லம், ஒரு ஸ்பூன் எண்ணெய், மறுபடி ஒரு கொதி. வெல்லத்த அள்ளிக் கொட்டாதீங்க, கசப்பு குழம்பு பாயசம் ஆயிடும், ரெண்டுங்கெட்டானா நிக்கும். மறுநாள் வரைக்கும் விட்டுப் பாருங்க, வத்தக்குழம்பு மறுநாள்தான் ருசி. காரணம் வத்தல் கருகுனதாலன்னா மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது.

அங்காயப்பொடில சுண்டை வத்தல் எதுக்கு?

அங்காயப்பொடின்றது பிள்ளை பெத்தவங்களுக்கு மொத சில வாரம் சாதத்துல நெய் விட்டு பிசைஞ்சு குடுக்கற பொடி. சுண்டை வத்தல், மணத்தக்காளி வத்தல், வேப்பம்பூ, மிளகு, சீரகம், சுக்கு, தனியா, பெருங்காயம், கறிவேப்பிலை, இதெல்லாம் வீட்டுக்கு வீடு அளவு மாறும். வயித்த மந்தமில்லாம வெச்சுக்கறதுக்குன்னு பெரியவங்க சொல்லுவாங்க. பிள்ளை பெத்தவங்கதான் சாப்பிடணும்னு இல்ல, தீபாவளிக்கு மறுநாள் வயிறு கனமா இருக்கும்போது இத விட நல்ல மதிய சாப்பாடு எனக்குத் தெரிஞ்சு கெடையாது. வீட்ல அரைக்கும்போது வத்தல மட்டும் தனியா கொஞ்சம் நெய்ல வறுத்து, மத்ததெல்லாம் வெறும் வாணலில வறுத்து, நல்லா ஆறுனதும் அரைங்க. உப்பு கடைசில, வத்தல் உப்ப கணக்குல வெச்சு.

வயித்துப் பூச்சிக்கு, சுகருக்கு, சளிக்கு எல்லாம் மருந்தா?

சித்த மருத்துவத்துல சுண்டை வற்றல் சூரணம்னு ஒரு மருந்தே இருக்கு, சுண்டை வத்தலோட மாங்கொட்டைப் பருப்பு, ஓமம், மாதுளை ஓடு, கறிவேப்பிலை மாதிரி சாமான் சேத்து செய்யறது, கழிச்சல் மாதிரி வயித்துக் கோளாறுக்கு வைத்தியர் குடுப்பாங்க. அது வைத்தியர் பாத்து அளவு சொல்லி குடுக்கறது. நம்ம சமைக்கறது சாப்பாடு. சுகர் மாத்திரைய நிறுத்திட்டு சுண்டைக்காய் சாப்பிடறேன்னு யாராவது சொன்னா தடுத்து நிறுத்துங்க. இன்னொண்ணு, பிரஷர் இருக்கறவங்க, கிட்னி பிரச்சனை இருக்கறவங்க வத்தல்ல இருக்கற உப்ப மறந்துடாதீங்க, தொட்டுக்க பத்து பன்னண்டு வத்தல் வறுத்து சாப்பிட்டா அதுவே கணிசமான உப்பு. அவங்களுக்கு பச்சைக்காய் குழம்பு தேவலாம். கர்ப்பமா இருக்கறவங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

குழந்தைங்க தொடவே மாட்டேங்குது.

கட்டாயப்படுத்தாதீங்க. வறுத்த வத்தல ரெண்டு பொடிச்சு பருப்பு சாதத்துல நெய்யோட கலந்து பாருங்க, அப்பளம் கூட இருந்தா போயிடும். வளந்தா தானா வரும், கசப்பு புடிக்கறதுக்கு வயசு ஆகணும்.

வேற நாட்டுலயும் சாப்பிடறாங்களா?

தாய்லாந்துல மக்குவா புவாங்னு பேரு, பச்சை குழம்புல, அதாவது தாய் கிரீன் கறில முழுசா பச்சைப் பட்டாணி மாதிரி மிதக்குமே அது இதுதான். ஹோட்டல்ல சாப்பிட்டு அது என்ன காய்னு தெரியாம ஓரமா ஒதுக்கி வெச்ச நம்ம ஆளுங்க நெறைய. அங்க இறால் விழுது சேத்த இடிச்ச சட்னிலயும் போடுவாங்க. ஜமைக்கால உப்புப் போட்ட காட் மீனோட சமைப்பாங்க. கானால சூப்லயும் குழம்புலயும் வேகவெச்சு அரைச்சு போடற பழக்கம் உண்டு. மோர்ல போட்டு காயவெச்சு வருஷம் முழுக்க வெச்சுக்கற வேலை மட்டும் நம்ம கைவரிசை.

வீட்ல செடி வெக்கலாமா? தொட்டில வருமா?

வரும், ஆனா பெரிய தொட்டியா, 18 இன்ச்சுக்கு கொறையாம. மொட்டை மாடில வெயில் படற மூலைல வைங்க, நடக்கற வழில வேண்டாம், முள் கிழிக்கும். விதை போட்டா முளைக்க ரொம்ப நேரம் எடுத்துக்கும், சில விதை உறக்கத்துலயே கெடக்கும், பொறுமை இல்லாதவங்க நாத்தா வாங்கிடுங்க, இல்லன்னா குச்சி வெட்டி நடலாம். ஒரு காய்ப்பு முடிஞ்சதும் பாதிக்கு வெட்டி விட்டுடுங்க, புதுக் கிளைல திரும்ப கொத்து கொத்தா வரும். மாவுப்பூச்சி வந்து அப்பும், ஆரம்பத்துலயே வேப்பெண்ணெய் கரைசல் அடிங்க. பழுக்க விட்டீங்கன்னா பறவை தின்னு பக்கத்து வீட்டு மாடிலயும் முளைக்கும், அப்புறம் சண்டை உங்க பொறுப்பு.

வெளிநாட்டுல இருக்கற சொந்தக்காரங்களுக்கு விதை அனுப்பலாமான்னு கேக்கறவங்களுக்கு: அமெரிக்காவுல இது மத்திய அரசோட களைச்செடி பட்டியல்ல இருக்கு, அனுமதி இல்லாம கொண்டுபோறது சட்டப்படி தப்பு. அனுப்பாதீங்க.

சுண்டைச் செடில கத்தரிக்காய் ஒட்டு கட்டறாங்களாமே, நெஜமா?

நெஜம்தான். சுண்டை வேர் மண்ணுல இருந்து வர்ற பாக்டீரியா வாடல் நோயையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் நல்லா தாங்கும். அதனால சுண்டைய அடிச்செடியா வெச்சு மேல கத்தரிய ஒட்டுவாங்க, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இத சொல்லிக்குடுக்குது, ஜப்பான்லயும் சுண்டை அடிச்செடிய பயன்படுத்தறாங்க. சுண்டை விதை மெதுவா முளைக்கறதால அத கத்தரி விதைக்கு முன்னாடியே விதைச்சு வெச்சாத்தான் ஒட்டும்போது ரெண்டு தண்டும் ஒரே கனத்துல இருக்கும். ஒட்டுன செடில ஒட்டுக்குக் கீழ சுண்டை கிளை விட்டா உடனே கிள்ளிடணும், விட்டுட்டா மேல இருக்கற கத்தரிய அமுக்கிடும். மாடித் தோட்டக்காரங்க ஒரு செடி வாங்கி வெச்சுப் பாருங்க, சாதாரண கத்தரிய விட ரொம்ப நாள் நின்னு காய்க்கும்.

எவ்வளவு நாள் வெச்சிருக்கலாம்?

பச்சைக்காய் காம்போட, கழுவாம, துணிப்பைல போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சா நாலஞ்சு நாள். தட்டி, லேசா வதக்கி, டப்பால போட்டு ஃப்ரீசர்ல வெச்சா ஒரு மாசத்துக்கு மேல தாராளமா வரும், குழம்புக்கு அப்படியே போடலாம். வத்தல் நல்லா காஞ்சிருந்தா கண்ணாடி பாட்டில்ல ஒரு வருஷம். மழைக்காலம் வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவ வெயில்ல காட்டி எடுத்து வைங்க, நாலு வரமிளகாய் கூட போட்டு வெச்சா வண்டு அவ்வளவா வராது. ஈரக் கையோட பாட்டிலுக்குள்ள கைய விடாதீங்க. வறுத்து வெச்ச வத்தல் வேற கதை, அது ஒரு வாரம் தாண்டுனா எண்ணெய் சிக்கு வாடை வந்துடும், அப்பப்ப வேணுங்கறத மட்டும் வறுத்துக்கோங்க.